குல்சீனா அக்கா கேட்ட மணிமாலை

மே 14, நரின் நகரம். மணிமாலையில் கொக்கி மாட்டியபோது நூலின் நுனியில் இரண்டாவது முடிச்சைப் போட மறந்திருக்கிறேன். வீட்டில் புதிதாகப் பிறந்ததற்குக் கண்பட்டுவிடக் கூடாது என்று கேட்டு வாங்கிப்போன குல்சீனா அக்கா, இன்று உதிர்ந்த மணிகளோடு எங்கள் மணி கோக்கும் வகுப்புக்கு வந்தார். நான் பதறிக் கேட்டேன்:

“குழந்தை மணியை முழுங்கிடலையே, அக்கா?”

“மணி கிடக்குதுடி! மாலை வேலிக் கம்பியில மாட்டிக்கிச்சு. உன் முடிச்சு அவுந்ததாலதான் கழுத்து தப்பிச்சுது.”

“பொறந்து பத்து நாள்தானே ஆச்சு? வேலிக்கு எப்படிப் போச்சு?”

“பொறந்த அன்னைக்கே ஓடிச்சே!” அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். “கழுத்தளவு சொன்னப்பவே தெரியலையா, மக்கு? குதிரைக்குட்டிடி!”

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நாளை: குட்டிக்குப் புது மாலை கோக்க வேண்டும். இழுத்தால் தானாகத் திறக்கிற கொக்கியை மாட்ட வேண்டும்.