அடுத்த வரி

என் பெயர் சேர்மராஜ், வயது இருபத்திரண்டு, இருப்பது மஸ்கட்டில். நான் படித்தது உண்மை என்று நம் ஊர்ப் பள்ளி எழுதித் தராவிட்டால், வியாழக்கிழமை கம்பெனி என்னைத் திருப்பி அனுப்பிவிடும். பள்ளி கிளார்க்குக்குப் போன் செய்தேன்.

“உன் சேர்க்கைப் பக்கம் ரிஜிஸ்தர்ல இல்லப்பா. ஹாக்கி சுடலைமுத்து பேர் இருக்குன்னு கிழிச்சு, ஃப்ரேம் போட்டு வாசல்ல மாட்டியாச்சு.”

“அவனுக்கு அடுத்த பேரு நாந்தான் சார்!”

“‘அவன்’னு சொல்லாத தம்பி. அந்த இடத்துலதான் அவரு மெடலோட நிக்கிற போட்டோவ ஒட்டியிருக்கோம். நூற்றாண்டு விழா முடியட்டும், பாப்போம்.”

விழா அடுத்த மாதம். போட்டோவுக்கு அடியில் என் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது. இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்கள் யாராவது நாளைக்கே பள்ளிக்குப் போய், ஃப்ரேமைக் கழற்றி, போட்டோவின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள்.