ஓரெழுத்துப் பிழை

"என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே, அக்கா!"

அச்சக முதலாளி சுவரொட்டியை மேசைமேல் விரித்துப் போட்டுக் கத்தினார். அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்தும் புரூஃப் அக்கா, மூக்குக் கண்ணாடியை நிதானமாகத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

'போர்வெறி தவறாத தலைவரே, வருக!'

"போர்நெறின்னுதானே எழுதிக் கொடுத்தாங்க? நெறின்னா அறம், ஒழுங்கு. வெறின்னா? சண்டையை மூட்டி விட்டுட்டு ரத்தம் பார்க்கத் துடிக்கிறவனைத்தான் போர்வெறியன்னு சொல்வாங்க! கட்சி ஆளுங்க காலையிலயே ஊர் பூரா ஒட்டிட்டாங்க!"

"அர்த்தம் எனக்கும் தெரியும், தம்பி."

"தெரிஞ்சுமா கோட்டை விட்டீங்க? ஒரு புள்ளி விட்டுப் போனாலே உங்களுக்குச் சோறு இறங்காதே!"

"எல்லைச் சண்டையை நிறுத்தவே கூடாதுன்னு மேடை மேடையா ஏறிக் கத்துறாரே, அவருக்குத்தானே இது? அப்புறம் இதுல என்ன தப்பு?"

முதலாளிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பதினெட்டு வருடம் நாயாய் உழைத்து நிலைநிறுத்திய அச்சகம். தலைவர் கண்ணைக் காட்டினால் போதும், சாயங்காலத்துக்குள் பூட்டுத் தொங்கும். இந்த அக்காவோ நியாயம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"அவங்க ஆள் வந்தா, 'கண்ணு மங்கிப் போச்சு, மன்னிச்சிடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"மாட்டேன்."

"கடவுளே!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டபோது வாசலில் ஜீப் வந்து நின்றது. கட்சிச் செயலாளர் அதே சுவரொட்டியோடு இறங்கி வந்தார். முதலாளி கைகூப்பிக்கொண்டு எதிரே ஓடினார்.

"ஐயா, தெரியாம நடந்து போச்சு. எல்லாத்தையும் இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்..."

"கிழிக்கிறதா? யோவ், தலைவர் வண்டியை நிறுத்தி வாய்விட்டுப் படிச்சாருய்யா! 'என்னைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டவன் இவன் ஒருத்தன்தான்'னு பூரிச்சுப் போயிட்டாரு. இன்னும் பத்தாயிரம் அடிக்கணும். ஒரு எழுத்துகூட மாறக் கூடாது!"

செயலாளர் போனதும் முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அக்கா, உங்க தப்பு என்னைக் காப்பாத்திடுச்சு!"

"தப்பு இல்ல தம்பி, வேணும்னேதான் மாத்தினேன்." அவள் உடைந்து அழுதாள். "முந்தாநாள் என் பையனையும் எல்லைக்கு அனுப்பிட்டாங்க. அந்த ஆளை ஊரறியத் திட்டினேன். அதையும் மாலையாப் போட்டுக்கிட்டானே, பாவி!"