சட்டப்படி மீன் தடை

காளிகாட் காளிமேல் ஆணை, இதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் என் பல்செட் கழன்று ஹூக்ளி ஆற்றில் விழட்டும்!

சால்ட் லேக்கில் எங்கள் குடியிருப்பு வாசலில் மீன் விற்கிறவள் எல்லோருக்கும் மாஷி. வங்க மொழியில் சித்தி என்று அர்த்தம். அவள் உட்காரும் இடத்தில் தன் புதுக் காரை நிறுத்த செக்ரட்டரி தத்தா பாபுவுக்கு ஆசை.

'செல்லிங் ஃபிஷ் ஹியர் இஸ் ப்ரொஹிபிடெட் பை லா' என்று போர்டுக்கு எழுதினார். இங்கிலீஷைச் சரிபார்க்க வைத்தீஸ்வரனிடம் கொடுத்தார். வைத்தி ரிட்டயர்டு பேங்க் ஆபீசர், சுத்த சைவம். மாஷியைக் கடக்கும்போது மூச்சுக்கூட விடமாட்டார். அவரைவிடக் காட்டமாக யார் எழுதுவார்?

"விற்க மட்டும் தடையா, வாங்கவுமா?" என்றார் வைத்தி.

"ஐயோ, வாங்கறதுக்கு இல்லே மோஷாய்!"

"அப்போ இது உதவாது."

அடுத்த குடியிருப்போர் கூட்டத்துக்கு, 'ப்ரொஹிபிடெட்'டுக்குப் பதிலாக 'பேன்' என்று எழுதி வந்தார் தத்தா பாபு.

"பேன்னா மீனுக்கே தடை. உங்க ஃப்ரிட்ஜுல இருக்கிற இலிஷ் மீனையும் போலீஸ் தூக்கிண்டு போயிடும்."

கூட்டத்தில் ஒருவர் மயங்கியே விழுந்தார். நான்தான் சோடா தெளித்தேன்.

பிறகு 'அவுட்லா'.

"அது கொள்ளைக்காரனைச் சொல்ற வார்த்தை. மாஷி மானநஷ்ட வழக்கு போட்டா நீங்கதான் கோர்ட்டுக்கு நடக்கணும்."

இப்படியே துர்கா பூஜை போய், காளி பூஜையும் போயிற்று.

"இங்கிலீஷ் பைத்தியம்!" என்று தத்தா பாபு வைதார்.

"ஒரு நாள் ஒரு மீன் வாங்கினதில்லே, என் பிழைப்பைக் கெடுக்க அகராதியைப் புரட்டறான் அந்த மதராசிக் கிழவன்!" என்று மாஷியும் கரித்துக் கொட்டினாள்.

நேற்று மாஷிக்கு நகராட்சியின் தெருவோர வியாபாரி அட்டை வந்துவிட்டது. இனி அவளை யாரும் கிளப்ப முடியாது.

சாயங்காலம் வைத்தியைப் பிடித்தேன். "ஓய், கடைசியில எதுதான் சரியான இங்கிலீஷ்?"

சுற்றுமுற்றும் பார்த்தார்.

"தத்தா முதல்ல எழுதினதே சரிதான் ஓய். வாட்ச்மேன் கையில ஃபாரத்தைக் கொடுத்தனுப்பி, அவளை அட்டைக்கு மனு போட வச்சவனே நான். அது வர்ற வரைக்கும் இழுக்க வேண்டாமா?"

நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதீர்கள். முக்கியமாக மாஷியிடம். தெரிந்தால் நன்றிக்கு தினம் ஒரு மீனைக் கொண்டுபோய் வைத்தி வீட்டு வாசலில் வைப்பாள். அவர் சம்சாரம் ராஜலக்ஷ்மி மாமி அடுத்த ரயிலில் கும்பகோணம் போய்விடுவாள்!