மூன்றாவது பெயர்

வானம் மூடிக்கிடப்பதால் கடலோரத்துப் பழைய சிவன் கோவிலுக்குள் பகலிலேயே இருட்டு. கருங்கல் தூண்களில் உப்புக் காற்றின் ஈரம் பிசுபிசுக்கிறது. மகன் இறந்தபின் ஒரு வருஷம் எந்தக் கோவில் வாசலையும் மிதிக்காமல் இருந்துவிட்டு, இன்றுதான் செம்பாக்கத்திலிருந்து வந்திருக்கிறார்கள் வைத்தீஸ்வரனும் ஞானாம்பாளும். அவனுடைய அஸ்தியை இந்தத் தெருக்கோடியில் தெரிகிற கடலில்தான் கரைத்தார்கள். "அர்ச்சனையா? பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்று தட்டை வாங்குகிறார் குருக்கள். வருஷக்கணக்கான பழக்கத்தில் வைத்தீஸ்வரனின் வாய் தானாக ஓடுகிறது. "வைத்தீஸ்வரன், அனுஷம். ஞானாம்பாள், ரோகிணி. உமேஷ், ரேவதி." சொன்ன பிறகுதான் அவருக்குச் சுருக்கென்கிறது. உயிரோடு இருப்பவர்களுக்குத்தானே அர்ச்சனை! தடுக்கக் கை நீள்வதற்குள் குருக்கள் உள்ளே போய்விடுகிறார். எண்ணெய் விளக்கின் மங்கிய வெளிச்சத்தில், ஆயுள் வேண்டி, ஆரோக்கியம் வேண்டி, மகனின் பெயர் கர்ப்பக்கிரகத்துக்குள் கணீரென்று ஒலிக்கிறது. மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. அவள் பிடித்திருக்கும் இரும்புக் கம்பியில் வளையல்கள் உரசுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

குருக்கள் வெளியே வந்து இருவர் கையிலும் விபூதி போடுகிறார். "பையன் வரலையா?"

ஞானாம்பாள் தன் இன்னொரு கையையும் நீட்டுகிறாள்.

"பீச்சுல இருக்கான் சாமி. அவனுக்கும் கொஞ்சம் குடுங்கோ."