நாற்பத்தொரு மார்க் கை

"நாற்பத்தொண்ணு! நூத்துக்கு நாற்பத்தொண்ணு! இந்தக் கையை வெச்சுக்கிட்டு எப்படிம்மா கத்தி பிடிக்கிறே?"

பெரிய டாக்டர் காகிதத்தை மேஜைமேல் விசிறினார். எதிரே சின்ன டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

ஆபரேஷன் வீடியோக்களைப் பார்த்து, டாக்டர்களின் கைத்திறமைக்கு மார்க் போடும் கம்ப்யூட்டர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் அது சொன்னதுதான் வேதம். பெரிய டாக்டருக்குத் தொண்ணூற்றாறு. அவருடைய மாப்பிள்ளை டாக்டருக்குத் தொண்ணூற்றிரண்டு. இருவர் படமும் ஆஸ்பத்திரி வாசலில் ஆளுயரத்துக்குப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ரத்தம் கசிஞ்சுது சார், நிறுத்தி நிதானமாப் பண்ணேன். அதைப் போய்த் தடுமாற்றம்னு போட்டிருக்கு. சிக்கலான கேஸை எல்லாம் என் தலையிலதானே கட்டறீங்க?"

"கம்ப்யூட்டர் மாமன் மச்சான் பார்க்காதும்மா! இனிமே நீ கத்தியைத் தொடவேண்டாம்!" என்றார் மாமனார். பக்கத்திலிருந்த மாப்பிள்ளை பலமாகத் தலையாட்டினார்.

"ஆபரேஷன் பண்ண விடலேன்னா நான் எதுக்கு சார் பத்து வருஷம் படிச்சேன்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"வார்டுல கட்டு மாத்து, போ. திங்கட்கிழமையிலேருந்து தியேட்டர் பக்கமே வரக்கூடாது."

உத்தரவில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அதே பெரிய டாக்டர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுருண்டு கிடந்தார். பித்தப்பையில் கல். எப்போதோ செய்த ஆபரேஷனால் உள்ளே எல்லாம் ஒட்டிப்போயிருந்தது. உடனே எடுத்தாக வேண்டும்.

மேனேஜர் ஓடி வந்தார். "கவலையே படாதீங்க சார். உங்க மாப்பிள்ளைக்குச் சொல்லியாச்சு. தொண்ணூத்திரண்டு மார்க்!"

"ஐயோ, அவரா? முதல்ல கதவைச் சாத்துங்க!"

சாத்தியதும் ரகசியமாகக் கேட்டார்: "அந்தப் பொண்ணு இருக்காளா?"

"யாரு சார், நாற்பத்தொண்ணா?"

"அவளேதான். நாங்க ரெண்டு பேரும் சுலபமான கேஸாப் பொறுக்கித்தானேய்யா மார்க் வாங்கினோம்! இந்த வயித்துல கை வைக்க அவளை விட்டா இங்கே யாரு இருக்கா?"

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "அப்போ அந்த உத்தரவைக் கிழிச்சுப் போட்டுடலாமா சார்?"

"அது வேற, இது வேற!" வலியிலும் சீறினார் பெரிய டாக்டர். "உத்தரவு திங்கட்கிழமையிலேருந்துதானே? நாளைக்குக் காலையில முதல் ஆபரேஷனா என்னுதைப் போடுங்க."