எந்தக் கம்பெனி?

ராயபுரத்து மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளோடு தரையில் விழுந்து கிடக்கிறது. புதிதாக பைலட் ஆகியிருக்கும் ஷைனி, இரண்டு சின்ன விமானக் கம்பெனிகளின் வேலைக் கடிதங்களை அந்த வெளிச்சத்தில் விரித்து ஒப்பிடுகிறாள். ஒன்றில் சென்னையிலேயே இருக்கலாம், லீவு குறைவு. இன்னொன்றில் லீவு அதிகம், ஜாகை கவுகாத்தியில். டூட்டி முடித்து வந்த அவள் அப்பா, கூட்ஸ் ரயில் டிரைவர் தாமஸ், சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே கேட்கிறார்: "தங்குற ரூம்ல பெட்ஷீட்டு மாத்துவானுங்களா?" "ஓட்டல்ல தங்க வெப்பாங்க நைனா," என்று சிரிக்கிறாள். சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்த அம்மா வியாகுலம்மாளின் கை நிற்கிறது. "அதெல்லாம் கெடக்கட்டும். சாவு சேதி வந்தா அடக்கத்துக்கு எவன் வுடுவான்? அத்தக் கேளு மொதல்ல." தன் தாயின் அடக்கம் நடந்த அன்று ஆந்திராவில் கூடூர் சிக்னலில் வண்டியோடு நின்றிருந்த தாமஸ், ஏற்கெனவே பளபளக்கும் டப்பாவை மறுபடியும் தேய்க்கிறார்.