கூடத்தில் ஓர் இருமல்

ரயில் நிலையக் கூடத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்த ஐந்து வயது இளவேனிக்குப் புரையேறியது. பொது இடத்தில் இருமினால் இருபத்தொரு நாள் தனியறையில் அடைப்பார்கள். அப்படிப் போன அவள் அம்மா திரும்பவில்லை. இளவேனி இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தலையில தட்டுங்க தம்பி, மொகம் நீலம் பாரிக்குது!" என்றாள் பக்கத்தில் இருந்த பெண்.

அப்பா தணிகைவேல் தட்டினான். "இருமிடு கண்ணு."

மாட்டேன் என்று தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தில் அப்படிப் பழக்கியிருந்தார்கள். கைகளைப் பிரித்துவிட்டான், உதடுகளை இறுக்கிக்கொண்டாள்.

கூடமே திரும்பிப் பார்க்கும்படி இருமினான்.

"பாரு, அப்பாவும் இருமிட்டேன். ரெண்டு பேரும் சேந்தே போவோம்."

அதன் பிறகே அவள் இருமினாள். முறுக்குத் துண்டு தெறித்து விழுந்தது. மூச்சு வந்தது.

தனியறைக்குக் கொண்டுபோக, ஆளுக்கு ஒன்றாக இரண்டு வண்டிகள் வந்தன.